நொடியில் நூற்றில் ஒரு பங்கு

நாஞ்சில் நாட்டில் ஆசான் என்னும் சொல்லுக்குத் தனி எடை உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவரை வாத்தியார் என்றும் சார் என்றும் அழைக்கும் நம் மக்கள், சிலம்பமும் அடிமுறையும் வர்மமும் கற்றுத் தருபவரை ஆசான் என்றே அழைத்து வந்திருக்கின்றனர். அவர் ஏட்டைப் பார்த்து மட்டும் கற்பிப்பவர் அல்லர். தம் உடம்பில் அடி வாங்கிக் கற்றதையே அடுத்தவருக்குக் கற்பிப்பவர். எந்த இடத்தில் அடி பட்டால் உடல் செயலிழக்கும் என்று அறிந்திருப்பதோடு, அப்படி விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கத் தெரிந்து இளக்கத் தெரியாதவரை நம் முன்னோர் முழு ஆசானாக ஏற்றுக்கொண்டதில்லை.

இந்த மரபை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்து விளையாட்டு வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது. அது கோழிக்கோடு மாவட்டத்தில், பாலுசேரியை அடுத்த கினாலூர் என்னும் சிற்றூரில் இயங்கும் ஒரு பள்ளியின் கதை. அதை நிறுவியவர் பி.டி. உஷா. ஓட்டக்களத்தில் புகழின் உச்சியைத் தொட்ட ஒருவர், ஓய்வு பெற்றபின் சிறுமியருக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அப்பள்ளி அவர் வென்ற பதக்கங்களின்மேல் எழுந்ததைவிட, அவர் வெல்லாமற்போன ஒரு பதக்கத்தின்மேல் எழுந்தது என்பதே பொருத்தம். அதனால்தான் அக்கதை நம் பள்ளிகளுக்கும் பாடமாகிறது.

நமக்கும் அந்த வேருக்கும் உள்ள உறவு

கினாலூர் நமக்குத் தொலைவான ஊராகத் தோன்றலாம். ஆனால் அப்பள்ளியின் வேர் நாமும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்த நிலத்திலேயே ஊன்றியிருக்கிறது. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த கோதவர்ம ராஜா என்பவர், 1954ஆம் ஆண்டில் விளையாட்டுக் கழகம் ஒன்றுக்கு அடித்தளம் இட்டார். அப்பொழுது கோட்டாறும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தின் பகுதிகளாகவே இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அந்தக் கழகம் கேரளத்தோடு சென்றது.

அரண்மனை வசதியில் வாழ்ந்த அம்மனிதர், விளையாட்டைச் சீமான்களின் பொழுதுபோக்காகக் கருதவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் மைதானமும் பயிற்சியாளரும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. 1971ஆம் ஆண்டில் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். ஆயினும் அவர் இட்ட விதை முளைத்தது. அவர் பெயராலேயே விளையாட்டுப் பள்ளிகள் தோன்றின. அந்த வரிசையில், 1976ஆம் ஆண்டில் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே சேர்ந்த சிறுமியருள் ஒருத்திதான் பய்யோளியைச் சேர்ந்த உஷா. 1964 ஜூன் 27இல் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது 12. மாதம் 250 ரூபாய் உதவித்தொகை. நோயும் வறுமையும் வாட்டிய குழந்தைப் பருவம் அவருடையது. அத்தகைய குடும்பத்திற்கு அந்தத் தொகை சிறியதன்று.

அங்கே அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். ஓ.எம். நம்பியார் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கல்வி நிறுவனத்தில் பயிற்சியாளர் பயிற்சி முடித்தவர். மெலிந்த உடலும் விரைந்த நடையும் கொண்ட அச்சிறுமியிடம் மற்றவர் காணாத ஒன்றை அவர் கண்டார். அன்று முதல் ஏறக்குறைய 14 ஆண்டுகள் அந்த ஆசானும் மாணவியும் பிரியாமல் உழைத்தனர். செயற்கைத் தடம் இல்லாத காலம் அது. பய்யோளிக் கடற்கரை மணலே அவர்களுக்குத் தடமாயிற்று. ஈர மணலில் கால் புதையப் புதைய ஓடுவதன் கடுமையை நம் கடலோரப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மணல் காலை இழுக்கும். அந்த இழுப்பே தொடைக்கும் கணுக்காலுக்கும் வலிமை தரும்.

1984 ஆகஸ்ட் 8

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடியபோது உஷாவுக்கு வயது 16. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். அதன்பின் நம்பியார் ஒரு துணிவான முடிவெடுத்தார். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் புதிய போட்டியில் தம் மாணவியை இறக்குவதென்று தீர்மானித்தார்.

இந்த ஓட்டத்தின் கடினம் அதன் கணக்கில் இருக்கிறது. ஒரு சுற்றில் 10 தடைகள். ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், பின்பு தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோட்டுக்கு 40 மீட்டர். இரு தடைகளுக்கு இடையே எத்தனை எட்டுகள் வைப்பது, எந்தக் காலை முன்னே நீட்டித் தாண்டுவது என்பதெல்லாம் முன்கூட்டியே உடம்பில் பதிந்திருக்க வேண்டும். களைப்பில் எட்டு ஒன்று தவறினாலும் அடுத்த தடை தாளம் தப்பி எதிரே வந்து நிற்கும். இவ்வளவு நுட்பம் நிறைந்த ஓட்டத்தில் உஷாவுக்கு இருந்த போட்டி அனுபவமோ மிகக் குறைவு.

ஆகஸ்ட் 8ஆம் நாள் இறுதி ஓட்டம். முதல் முறை துப்பாக்கி வெடித்தபோது உஷா நன்றாகவே புறப்பட்டார். ஆனால் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் முந்திக்கொண்டு பாய்ந்ததால் ஓட்டம் நிறுத்தப்பட்டு, அனைவரும் மீண்டும் கோட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. இரண்டாம் முறை அவருடைய புறப்பாடு அத்தனை விரைவாக அமையவில்லை. இறுதி நேர்கோட்டில் அவர் வெகுவாக நெருங்கி வந்தார். மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 நொடியில் முதலாவதாக வந்து, தம் நாட்டுக்கும் அரபு உலகப் பெண்களுக்கும் ஒரு புதிய வாசலைத் திறந்தார். மூன்றாம் இடம் யாருக்கு என்பதைக் கண்ணால் சொல்ல முடியவில்லை. நிழற்படம் சொல்லிற்று: ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாரு 55.41 நொடி, உஷா 55.42 நொடி.

நொடியில் நூற்றில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் ஓடுபவர் அவ்வளவு நேரத்தில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், அதாவது ஒரு கையின் நான்கு விரல் அகலம். முடிவுக்கோட்டில் தலையோ கையோ காலோ கணக்கில் வருவதில்லை. உடற்பகுதியே கணக்கில் வரும். ஆகையால் கடைசி எட்டில் மார்பை முன்னே தள்ளிச் சாய்வது ஒரு கலை. அந்தச் சாய்வு சற்று முன்னதாக நிகழ்ந்திருந்தால் என்று நாடே பெருமூச்சு விட்டது. இந்த ஏக்கம் நமக்குப் புதியதன்று. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங் நான்காவதாக வந்தபோதும் இதே பெருமூச்சு எழுந்தது.

அதன்பின் வெற்றிகள் குவிந்தன. 1985ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கமும் 1 வெண்கலமும் பெற்றார். அடுத்த ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கமும் 1 வெள்ளியும் பெற்றார். 1985இல் துரோணாச்சாரியர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற மூவருள் நம்பியாரும் ஒருவர். 1991இல் திருமணம் செய்துகொண்டு, தாயான பின்னும் உஷா களத்துக்குத் திரும்பினார். 1998இல் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் மீண்டும் பதக்கங்கள் பெற்றார். 2000ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வு பெறாத ஒன்று அவருக்குள் இருந்தது. அதுவே அந்த நான்கு விரல் அகலம்.

கஞ்சியும் ஊறுகாயும்

இழப்பை எண்ணி வருந்துவது எளிது. அதை ஆராய்வது கடினம். தமக்கு எது குறைந்தது என்று உஷா பின்னாளில் பல முறை எண்ணிப் பார்த்துப் பேசியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் கிராமத்தில் தமக்கு ஏற்ற சத்துணவு கிடைக்காமல், கஞ்சியையும் ஊறுகாயையும் உண்டு ஓட நேர்ந்ததாக அவர் கூறியது பலருக்கும் நினைவிருக்கும். பெரிய போட்டிகளின் அனுபவம் போதாமை, தடை ஓட்டத்தில் பழக்கக் குறைவு, உணவு, உடன் நின்று கவனிக்கும் மருத்துவ உதவி என அக்குறைகளை வரிசைப்படுத்தினால், அவற்றுள் ஒன்றும் அவருடைய திறமைக் குறைவு அல்ல என்பது விளங்கும். ஒவ்வொன்றும் பிறர் முன்கூட்டியே செய்து தந்திருக்கக்கூடியது.

இவ்வாராய்ச்சியிலிருந்தே 2002ஆம் ஆண்டில் கொயிலாண்டியில் உஷா தடகளப் பள்ளி பிறந்தது. தொடக்கத்தில் சொந்த இடமில்லை. நல்லெண்ணம் கொண்டோர் சிலர் உடன் நின்றனர். பின்னர் கேரள அரசு கினாலூரில் 30 ஏக்கர் நிலம் அளித்தது. அங்கே செயற்கை ஓட்டத்தடம் திறக்கப்பட்டது 2017ஆம் ஆண்டில்தான். பள்ளி தொடங்கி 15 ஆண்டுகள் சென்றபின். அதுவரை அங்குப் பயின்ற சிறுமியரும் தங்கள் ஆசிரியரைப் போலவே மணலிலும் மண்ணிலுமே ஓடினர்.

அப்பள்ளியின் முறை எளிமையானது. பதின்ம வயதின் வாசலில் நிற்கும் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே தங்க வைத்து, காலையிலும் மாலையிலும் பயிற்சி தந்து, இடையில் பொதுக் கல்வியும் பெறச் செய்வது. தேர்ந்தெடுக்கப்படுவோர் எண்ணிக்கையில் சிலரே. பதக்கத்தை நாளைக்கே கேட்காமல், ஒரு குழந்தையோடு 10 ஆண்டுகள் நடக்க அணியமாயிருப்பதே அதன் அடிப்படை. நம்பியார் தமக்குச் செய்ததை உஷா பலருக்குச் செய்ய முற்பட்டார். நம்பியாரால் தர முடியாமற்போனவற்றையும் சேர்த்துத் தர முற்பட்டார்.

முதல் அணியிலேயே கண்ணூர் மலைப்பகுதியைச் சேர்ந்த டின்டு லூக்கா என்னும் சிறுமி இருந்தார். ஆசிரியர் குறுந்தூர ஓட்டக்காரர். மாணவியின் உடலோ 800 மீட்டருக்கு ஏற்றதாக இருந்தது. உஷா தம் ஓட்டத்தை அவர்மேல் திணிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் ஓட்டம் எதுவோ அதைத் தேடிக் கொடுத்தார். 1995ஆம் ஆண்டில் சென்னையில் ஷைனி வில்சன் 1 நிமிடம் 59.85 நொடியில் ஓடி நிறுவிய தேசிய சாதனையை, 2010ஆம் ஆண்டில் குரோஷிய நாட்டு ஸ்பிளிட் நகரில் டின்டு 1 நிமிடம் 59.17 நொடியில் ஓடி முறியடித்தார். அதே ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அரையிறுதி. 2014 இஞ்சியோனில் 800 மீட்டரில் வெள்ளியும் தொடரோட்டத்தில் தங்கமும். 2015இல் வூஹானில் ஆசியத் தங்கம். பின்னர் வந்த ஜிஸ்னா மாத்யூ, 2019ஆம் ஆண்டு தோஹா உலகத் தடகளப் போட்டியில் கலப்புத் தொடரோட்ட இறுதிச் சுற்றில் ஓடிய இந்திய அணியில் இடம்பெற்றார்.

துரோணரின் சோதனை

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. தம் மாணவி ஒருத்தி ஒலிம்பிக் பதக்கம் வெல்ல வேண்டும் என்பதே தம் கனவு என்று உஷா வெளிப்படையாகவே சொல்லி வந்திருக்கிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடியும் வரை அக்கனவு நிறைவேறவில்லை. நிறைவேறவில்லை என்பதைவிட ஆழமான கேள்வி வேறு. தான் இழந்ததை மாணவரைக் கொண்டு மீட்க நினைக்கும் ஆசிரியர், மாணவரைத் தம் கைக்கருவியாக்கிவிடும் ஆபத்து இல்லையா?

பயிற்சியாளருக்கு நம் நாடு தரும் விருது துரோணர் பெயரால் வழங்கப்படுகிறது. துரோணர் என்றதும் ஏகலைவனின் கட்டைவிரலே நம் நினைவுக்கு வரும். ஆனால் பாரதக் கதையில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இளமையில் தம் தோழனாயிருந்த துருபதன் அரசனான பின்பு தம்மை அவமதித்ததைத் துரோணர் மறக்கவில்லை. பாண்டவருக்கும் கௌரவருக்கும் வில்வித்தை கற்பித்து முடித்ததும், அந்தத் துருபதனைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவருமாறு அவர் குருதட்சிணை கேட்டார். மாணவரின் வில் ஆசிரியரின் பழைய புண்ணுக்கு மருந்தாக்கப்பட்டது. அந்தப் பகை அத்துடன் தீரவில்லை. குருச்சேத்திரம் வரை நீண்டு, துரோணரின் உயிரையே வாங்கியது. இழப்பை ஆறவிடாமல் கற்பிக்க வந்தவர், தம் இழப்பையே மாணவருக்கும் கற்பித்துவிடுகிறார்.

நம் நாட்டுப் பெற்றோர் பலரும் இந்தத் துரோணரின் பிடியில் இருப்பதைப் பங்குகளில் பணியாற்றும் நாங்கள் அன்றாடம் காண்கிறோம். தாம் மருத்துவராக முடியவில்லை என்பதற்காக மகளை மருத்துவராக்கத் துடிக்கும் தந்தை, தாம் எழுதித் தோற்ற தேர்வை மகன் எழுதியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தாய் ஆகியோரின் அன்பை நாம் ஐயுறவில்லை. அந்த அன்புக்குள் ஒளிந்திருக்கும் பழைய கணக்கையே ஐயுறுகிறோம்.

உஷாவின் பள்ளியும் இந்தச் சோதனைக்கு வெளியே இல்லை. டின்டு முதல் சுற்றிலேயே முன்னணியில் பாய்ந்து இறுதி நேர்கோட்டில் தளர்ந்துவிடுகிறார் என்றும், அது ஆசிரியர் வகுத்த உத்தியின் குறை என்றும் விமர்சனங்கள் எழுந்தன. உலகக் களத்தில் மாணவி தோற்கும்போதெல்லாம் ஆசிரியரின் 1984ஆம் ஆண்டும் பத்திரிகைகளில் உடன் எழுந்து வந்தது. இது மாணவிக்கு எவ்வளவு பெரிய சுமை! ஆயினும் அந்த மாணவியை ஆசிரியர் கைவிடவில்லை. மாணவியும் ஆசிரியரை விட்டுப் போகவில்லை. ஒரு தசாப்தத்திற்கும் மேல் அந்த உறவு நீடித்தது. மலைநாட்டு எளிய வீட்டிலிருந்து வந்த அப்பெண் தேசிய சாதனையும் அர்ஜுனா விருதும் ரயில்வே பணியும் பெற்றுத் தன் காலில் நின்றார். துரோணர் கேட்ட தட்சிணையை மட்டும் வைத்து அளந்தால் பள்ளி இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு பிள்ளை எங்கிருந்து எதுவரை ஓடினாள் என்று அளந்தால் கணக்கு வேறாகிறது.

ஓடாமலே ஓடக் கற்பித்தவர்

பெரிய ஆசானாவதற்கு முன்னாள் வீரராக இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பதும் தவறு. கண்ணூர் விளையாட்டுப் பிரிவு தொடங்கிய அதே 1976ஆம் ஆண்டில், அயர்லாந்து நாட்டுத் துறவியான சகோதரர் கோம் ஓகொன்னல், கென்யாவில் இட்டேன் என்னும் மலையூரில் உள்ள புனித பாட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்க வந்து சேர்ந்தார். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. பிள்ளைகள் ஓடுவதைக் கூர்ந்து பார்த்துப் பார்த்தே கற்றார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அப்பள்ளியின் மாணவர். 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்ற டேவிட் ருடிஷா அச்சகோதரரின் பயிற்சியில் வளர்ந்தவர்.

ஆகவே நுட்பத்தை ஓடாதவரும் கற்பிக்கலாம். அப்படியானால் ஓடியவர் மட்டும் தரக்கூடியது எது? தோல்வியின் மறுநாள் காலையில் எழுந்து காலணி கட்டுவது எப்படி என்பதே அது. நான்காவதாக வந்த பிள்ளை அழும்போது, அழாதே என்று எவரும் சொல்லலாம். அழுது முடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை, தானும் நான்காவதாக வந்தவர் சொன்னால்தான் அந்தப் பிள்ளை நம்பும். ஆசானின் இளக்குமுறை இதுவே.

கொரிந்து நகரில் தங்கிப் பணியாற்றிய பவுலடியார், அந்நகருக்கு அருகே இஸ்த்மியாவில் நடந்துவந்த ஓட்டப் பந்தயங்களை அறிந்திருந்தார். அவர் எழுத்தில் ஓட்டக்களம் திரும்பத் திரும்ப வருவது வியப்பன்று. நாம் இங்கே கருத வேண்டியது ஒன்று: தம் ஓட்டம் நிறைவு பெற்றதைப் பற்றி அவர் பேசுவது, இனி ஓட வேண்டிய இளைஞரான திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில். முடிந்த ஓட்டத்தைப் பற்றிய பேச்சு, தொடங்கும் ஓட்டத்துக்குத் துணையாகவே பயன்பட்டது.

பறிக்கப்பட்ட வெள்ளி

தமிழ்நாட்டிலிருந்து ஒரு சான்றைக் காட்டாமல் இக்கட்டுரையை முடிப்பது நியாயமாகாது. உஷா பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டவர். கைக்கு வந்த பதக்கத்தையே இழந்தவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்பு பாலினச் சோதனை என்னும் பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்க மருந்து உண்டவர் அல்லர். எவரையும் ஏமாற்றியவர் அல்லர். தாம் பிறந்த உடலோடு ஓடியதற்காக உலகத்தின் முன் நிறுத்தப்பட்டார். அந்த அவமதிப்பு அவரைச் சாவின் விளிம்பு வரை கொண்டு சென்றது.

அவர் மீண்டு வந்தது பயிற்சியின் வழியாகவே. தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசளித்திருந்தது. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டி ஓடக் கற்பித்தார். இடையில் வருமானமின்றிச் செங்கல் சூளையில் கூலி வேலைக்கும் சென்றார். 2012ஆம் ஆண்டில் அச்செய்தி வெளிவந்தபோது நாடு வெட்கித் தலைகுனிந்தது. பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்து, 2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி பெற்றார். தம்மை வெளியேற்றிய அதே களத்துக்குள் பிறர் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் செல்வதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் இன்னொரு நிகழ்ச்சி. 2003ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், நீளம் தாண்டுதலில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றவர் அஞ்சு பாபி ஜார்ஜ். அவரும் அவருடைய கணவரும் பெங்களூரில் வளர்த்தெடுத்த ஷைலி சிங், 2021 ஆகஸ்ட் 22ஆம் நாள் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். தங்கம் பெற்ற சுவீடன் பெண் தாண்டியது 6.60 மீட்டர். இடைவெளி 1 சென்டிமீட்டர். அதற்கு மூன்று நாள்களுக்கு முன்புதான், ஆகஸ்ட் 19ஆம் நாள், நம்பியார் காலமானார். அந்த ஆண்டிலேயே அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரு தலைமுறை நூற்றில் ஒரு நொடியால் தவறவிடுகிறது. இன்னொன்று ஒரு சென்டிமீட்டரால் தவறவிடுகிறது. ஆனால் இரண்டாவது தலைமுறைச் சிறுமியின் அருகே, உலகப் போட்டியில் நின்று பழகிய ஒருவர் இருந்தார். 1984இல் உஷாவுக்குக் கிடைக்காத துணை அது.

நம் பள்ளி மைதானங்கள்

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். நம் கடலோர ஊர்களில் கால்பந்து என்பது விளையாட்டு மட்டுமன்று. அது ஊரின் மூச்சு. உள்நாட்டு ஊர்களில் கைப்பந்தும் கபடியும் அவ்வாறே. காவல் துறைக்கும் இராணுவத்துக்கும் ரயில்வேக்கும் வங்கிகளுக்கும் விளையாடிய வீரர்கள் ஓய்வு பெற்று நம் ஊர்களுக்குத் திரும்பி வருகின்றனர். திருவிழாப் போட்டியில் பரிசு வழங்க அவர்களை மேடைக்கு அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் அவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுடைய முழங்காலில் உள்ள பழைய காயத்தின் அறிவும், தேர்வில் ஓர் இடம் தவறி வீடு திரும்பிய இரவின் அறிவும் எந்தப் பிள்ளைக்கும் போய்ச் சேராமலே மண்ணாகின்றன.

மற்றொரு புறம், பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்குப் பாடமாகவும் அறிவியல் பாடமாகவும் மாறிப்போவது வழக்கமாகிவிட்டது. நூற்றுக்கணக்கான மாணவருக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்றால், அவர் வரிசை நிறுத்தவும் விழா அணிவகுப்புக்கு ஆயத்தம் செய்யவுமே நேரம் போதாமல் தவிக்கிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவருக்குத் துணை தேவை.

இதற்கு 30 ஏக்கர் நிலம் தேவையில்லை. செயற்கைத் தடமும் உடனே தேவையில்லை; பய்யோளியில் இருந்தது மணல்தான், நம்மிடம் அது நிறையவே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரிலுள்ள முன்னாள் வீரர் ஒருவரையேனும் வாரத்தில் சில மாலைகள் மைதானத்துக்கு அழைக்கலாம். அழைப்பது பரிசளிப்பதற்காக அன்று, ஆண்டுக்கணக்கில் உடன் நடப்பதற்காக. பயிற்சிக்குப்பின் பிள்ளைகளுக்கு ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் கிடைக்க ஊரார் பொறுப்பேற்கலாம். கஞ்சியும் ஊறுகாயும் சொல்லித்தந்த பாடம் அது. பெண்பிள்ளைகள் பயிற்சி முடிந்து பாதுகாப்பாக வீடு திரும்ப வழி செய்யலாம். எந்தப் பிள்ளைக்கு எந்த விளையாட்டு ஏற்றது என்பதைப் பிள்ளையின் உடலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியரின் பழைய ஆசையைப் பார்த்து அன்று.

அப்படி வரும் முன்னாள் வீரரிடம் நாம் கேட்க வேண்டியது, எத்தனை பதக்கம் வென்றீர்கள் என்பது அன்று. எதை இழந்தீர்கள், ஏன் இழந்தீர்கள் என்பதே. அதற்கு அவர் கசப்பின்றி விடை சொல்லக்கூடுமானால், நம் பிள்ளைகளை அவரிடம் நம்பி ஒப்படைக்கலாம். அடியும் தெரிந்து இளக்கவும் தெரிந்தவரை ஆசான் என்று அழைத்த நம் முன்னோரும் அந்த ஒன்றைத்தான் பார்த்தனர்.